பன்னிரண்டாவது பிரதி

அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை என்று இதைத் தொடங்க நினைத்தேன். படித்தால் அவரே திருத்திவிடுவார். “நீங்க பார்த்த நேரத்துல நின்னுக்கிட்டு இருந்தேன்ணே. அதுக்கு மேல உங்களுக்கு என்ன தெரியும்?” என்பார். ஆகவே சரியாக எழுதுகிறேன்: நான் பார்த்த நேரங்களில் பெரும்பாலும் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார்.

கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயிலில் வேலைக்கு வருவார். இருக்கை காலியாக இருந்தாலும் கதவோரம் நிற்பார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், பூக்கடைக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் அலுவலகம். படியேறி வந்ததும் கைப்பையை மேசையில் வைப்பார். பத்துக் கிலோ அரிசிப் பையில் போட்டுக் கொண்டுவரும் காட்டுக்குள் போட்டுப்போகும் சப்பாத்துக் காலணிகளை மேசைக்கடியில் தள்ளுவார். பிறகு ஜன்னலுக்கும் வாசலுக்குமாக நடக்கத் தொடங்குவார். மதியச் சாப்பாட்டையும் டப்பாவைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டே முடித்துவிடுவார். அவரோடு ஒரே அறையில் இருந்தால் நமக்கும் கால் ஆடத் தொடங்கும். எனக்கு இன்றும் ஆடுகிறது.

அந்த அலுவலகத்துக்கு நான் போனது ஐம்பது வயதுக்குப் பிறகு. அதற்குமுன் ஒரு தமிழ் நாளிதழில் பிழை திருத்தினேன், அது நின்றுபோனது. புதிதாக ஒரு மின்கம்பித் தடமோ துணைமின்நிலையமோ வருவதென்றால், அதனால் மண்ணுக்கும் தண்ணீருக்கும் மனிதருக்கும் என்ன ஆகும் என்று முன்கூட்டியே ஆராய்ந்து அரசாங்கத்துக்கு அறிக்கை தரவேண்டும். அந்த அறிக்கைகளை எழுதுவதுதான் எங்கள் பிழைப்பு. ஆளுக்கு ஒரு பகுதி எழுதுவார்கள். எல்லாவற்றையும் சேர்த்து, பக்க எண் போட்டு, அச்சடித்து, கட்டி, கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. தண்ணீரும் அதைப் பயன்படுத்தும் மனிதர்களும் அவருடைய பகுதி.

என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய பெண். என்னை அண்ணே என்பார். மூன்றாவது வாரத்திலிருந்து நண்டண்ணே.

அதற்குக் காரணம் நானேதான். எங்கள் தொழிலில் யாரும் எதையும் முதலிலிருந்து எழுதுவதில்லை. பழைய அறிக்கையைத் திறந்து, ஊர்ப் பெயரை மாற்றி, வேண்டியதை வெட்டி ஒட்டுவார்கள். புதியவனான நானும் அப்படித்தான் செய்தேன். போர்ட் கிள்ளான் படகுத்துறை ஒன்றுக்கு எழுதிய பழைய அறிக்கையிலிருந்து ஒரு பத்தியை எடுத்து, மலைமேல் போகும் மின்கம்பித் தடத்தின் அறிக்கையில் ஒட்டிவிட்டேன். அதன்படி மலையுச்சியில் சதுப்புநிலச் சேற்று நண்டுகள் வளை தோண்டி வாழ்ந்தன. செவ்வாய்க்கிழமை காலை, வெளியே நல்ல மழை. (நெடுநாள் திங்கள் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், நாட்குறிப்பு செவ்வாய் என்கிறது.) அந்தப் பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றார்.

“அண்ணே, இந்த நண்டை யார் பார்த்தது?”

“பழைய ரிப்போர்ட்ல இருந்துச்சும்மா.”

“அது சரி. பார்த்தது யாரு?”

பழைய கோப்பை எடுத்துப் பெயரைத் தேடினேன். அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு நிற்கவே இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முதலாளி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவரை எல்லாரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவோம். கிள்ளான்காரர், நல்ல மனிதர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். “என்னலா சத்தம்?”

“நண்டு மலை ஏறிருச்சு பாஸ்!”

அந்தப் பத்தியைப் பெரிதாக நகலெடுத்து அலுவலகக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார்கள். நான் வேலையை விடும்வரை அது அங்கே இருந்தது.

யார் பார்த்தது என்ற அந்தக் கேள்விதான் அவர். ‘இருக்கிறது’ என்று எழுதினால் அவ்வளவாகக் கவலைப்பட மாட்டார். ‘இல்லை’ என்று எழுதினால் விடமாட்டார். இந்த இடத்தில் வீடு இல்லை, கிணறு இல்லை, மீன்பிடிப்பவர் இல்லை என்று ஒரு வரி வந்தால், எந்த மாதம், எந்தக் கிழமை, என்ன நேரம் பார்த்தீர்கள் என்று கேட்பார். ஒரே இடத்துக்கு மூன்று முறை போவார்: ஒருமுறை மழையில், ஒருமுறை வெயிலில், ஒருமுறை விடியற்காலையில். “இருக்குன்னு எழுத ஒரு தடவை பார்த்தா போதும்ணே. இல்லைன்னு எழுதத்தான் கஷ்டம்” என்பார். எனக்குத் தெரிந்து இரண்டு ஓட்டுநர்கள் அவரால் வேலையை விட்டார்கள். இருவரும் கடைசி நாளில் அவரிடமே வந்து கைகொடுத்துவிட்டுத்தான் போனார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன்.

வீட்டிலும் இப்படித்தான். தீபாவளிக்குக் கிள்ளானில் அவர் வீட்டுக்குப் போனபோது அவருடைய அக்கா சொன்னது: ஒருநாள் வேலைக்குக் கிளம்பி சுபாங் ஜெயா வரை வந்துவிட்டவர், கேஸை மூடினோமா என்று சந்தேகம் வந்து, இறங்கி, எதிர்த்திசை ரயில் பிடித்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்.

“மூடித்தான் இருந்துச்சு. வேலைக்கு மட்டம்” என்றார் அக்கா, முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தியபடி. “நானே மூடுனேன்னு போன்ல சொன்னேன். நம்பலையே!”

“நம்பாம இல்ல” என்றார் இவர். கையில் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். “நீ சொன்னது உனக்குத் தெரிஞ்சது. எனக்குத் தெரிய வேண்டாமா?”

“பாருங்க சார், இவளோட நான் நாற்பது வருஷமா குடித்தனம் பண்றேன்.”

எல்லாரும் சிரித்தோம். ஆனால் அவர் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அவர் மேசையில் ஒரு புட்டி இருந்தது. ஆரஞ்சு பானம் வரும் சாதாரணப் பிளாஸ்டிக் புட்டி. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு மஞ்சள் மண், அதற்கு மேலே தெளிந்த தண்ணீர். ஒவ்வொரு கூட்டம் தொடங்கும்போதும் அதை எடுத்து நன்றாகக் குலுக்கி மேசை நடுவில் வைப்பார். தண்ணீர் முழுக்கத் தேநீர் போலாகிவிடும். பேசப் பேச மண் மெல்ல இறங்கும். மண் இறங்கி முடிப்பதற்குள் எந்த முடிவும் எடுக்கக்கூடாது என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருப்பார். புதிதாக வருபவர்கள் ஏதோ பரிசோதனை என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன்.

ஒருநாள் ரயில் தாமதம். நடைமேடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தோம். அப்போதுதான் புட்டியின் கதையைச் சொன்னார்.

அவர் இந்த வேலைக்கு வந்த இரண்டாவது வருடம், கிள்ளானுக்கு வடக்கே ஒரு சிறிய துணைமின்நிலையத்துக்கு அறிக்கை எழுதினார். பக்கத்தில் ஒரு ஓடை. இரண்டு முறை போய்ப் பார்த்தார். இரண்டு முறையும் மத்தியானம். ஓடையில் ஆள் நடமாட்டம் இல்லை. யாரும் பயன்படுத்துவதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வேலை தொடங்கி, மேடை கட்ட மண்ணை வெட்டியதும் ஓடை மஞ்சளானது. அதன்பின் ஒரு காலை, கைலியும் ரப்பர் சப்பாத்துமாக ஓர் அம்மா படியேறி வந்து, ஓடைத் தண்ணீரை நிரப்பிய இந்தப் புட்டியை மேசைமேல் வைத்தார். கீரை போட்டுச் சந்தையில் விற்பவர்.

“இதை யாரு எழுதினது?” என்று கேட்டாராம்.

“நான்தான் ஆன்டி.”

“நான் விடியறதுக்கு முன்னால வந்து கீரை கழுவிட்டுப் போயிருவேன். நீ எப்ப வந்த?”

“மத்தியானம்.”

“மத்தியானம் நான் எப்படிம்மா இருப்பேன்? பாசார்ல இருப்பேன்லா.”

அவ்வளவுதான் பேச்சு. திட்டவில்லை. புட்டியை வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

“திட்டியிருந்தா நானும் மறந்திருப்பேன்ணே” என்றார். ரயில் வந்தது. ஏறிக் கதவோரம் நின்றார்.

இனிச் சுரங்கங்களின் கதை. இதை எழுதத்தான் இத்தனை நாள் தள்ளிப் போட்டேன்.

உலு சிலாங்கூர் பக்கம் மலைச்சரிவில் மூன்று ஈயச் சுரங்கங்கள் புதிதாகத் தோண்டப்பட இருந்தன. அவற்றுக்கு மின்சாரம் கொண்டுபோக ஒரு கம்பித் தடம், முடிவில் ஒரு துணைமின்நிலையம். அறிக்கை எங்களிடம் வந்தது. பாஸுக்கு இதில் உண்மையான நம்பிக்கை இருந்தது. “கரன்ட் அங்க போகலைன்னா சுரங்கக்காரன் இரவும் பகலும் டீசல் இன்ஜின் ஓட்டுவான். புகையும் எண்ணெயும் அந்த மலையிலதான் இறங்கும். நாம நல்லதுதான் செய்றோம்” என்பார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. யார் பார்த்தது என்று கேட்பவரும் அதை மறுக்கவில்லை.

துணைமின்நிலைய மேடை ஒரு சின்ன ஓடைக்கு மேலே வருவதாகத் திட்டம். வரைபடத்தில் ஓடைக்குக் கீழே காடு மட்டும். அவர் இரண்டு முறை போய்வந்தார். ஆள் இல்லை, வீடு இல்லை. ஓடையோரம் புதரில் ஒரு கறுப்புக் குழாயின் முனை மட்டும் கிடந்தது. எதோடும் இணைக்கப்படாமல், வாய் திறந்து, காய்ந்து. இரண்டு முறையும் அப்படியே.

அந்தப் புதன்கிழமைக் கூட்டம் என் நாட்குறிப்பில் இரண்டு பக்கம் இருக்கிறது. புட்டியைக் குலுக்கி வைத்தார்.

“குழாய பார்த்த. தண்ணி வந்துச்சா?” என்றார் பாஸ்.

“வரல பாஸ்.”

“அப்புறம் என்னலா? பழைய சுரங்கத்துக்காரன் போட்டுட்டுப் போன குழாய். அந்தக் காடு முழுக்க அப்படித்தான் கிடக்கு.”

“பழைய குழாய்னா வாய்ல மண்ணு அடைச்சிருக்கும். எறும்பு கூடு கட்டியிருக்கும். இது சுத்தமா இருக்கு.”

“வெள்ளிக்கிழமை கொடுக்கணும். தொழுகைக்கு முன்னால கவுன்டர் மூடிருவான். நாள் தள்ளித் தள்ளி இது மூணாவது தடவை. இன்னொரு தடவை தள்ளுனா அவங்க வேற ஆளைப் பார்த்துப்பாங்க. அந்த ஆளு மலைக்கே போகமாட்டான், அது உனக்குச் சம்மதமா?”

அவர் புட்டியைப் பார்த்தார். தண்ணீர் இன்னும் கலங்கித்தான் இருந்தது.

“நான் பார்த்த நேரத்துல தண்ணி வரல. அதை வேணும்னா எழுதறேன். யாரும் பயன்படுத்தலைன்னு எழுத மாட்டேன் பாஸ். நாளைக்குப் போயிட்டு வெள்ளிக்கிழமை காலையில சொல்றேன்.”

வியாழக்கிழமை அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு, அலுவலக வண்டி கேட்காமல், தன் சொந்தக் காரில் போய்விட்டார்.

அன்று மாலை அறிக்கையைக் கட்டவேண்டிய நேரம். அவர் பகுதியில் ஒரு வரி காலியாக இருந்தது. பாஸ் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். “பழைய ரிப்போர்ட்ல அந்த வரி இருக்கும்ல அண்ணே, எடுத்துப் போடுங்க. அவ கையெழுத்தும் கம்ப்யூட்டர்ல இருக்கு. அவ வந்தா நான் பேசிக்கிறேன்.”

எடுத்துப் போட்டேன். ‘இந்த ஓடையின் நீரைப் பயன்படுத்துவோர் எவரும் இல்லை.’ எந்த ஊர் ஓடைக்கு எழுதியதோ தெரியாது. அந்த வரி வரும் சுருக்கப் பக்கத்திலேயே, அவர் பகுதியின் முதல் பக்கத்தில், மேற்கண்டவற்றை நேரில் பார்த்து உறுதி செய்தேன் என்ற வாசகத்துக்குக் கீழே, அவருடைய பெயரும் கையெழுத்தும் வந்து உட்கார்ந்தன. என்னை யாரும் மிரட்டவில்லை. களைப்பாக இருந்தது, குழாய் செத்த குழாய்தான் என்று நானும் நம்பினேன். பன்னிரண்டு பிரதிகள் அச்சடித்துக் கட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குமேல் இருக்கும். பெட்டிகளைப் பின்னிருக்கையில் வைத்துக்கொண்டு கூட்டரசு நெடுஞ்சாலையில் ஷா ஆலம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது.

“நண்டண்ணே, தண்ணி வருது! கேளுங்க.”

சலசலவென்று சத்தம். குழாய்க்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார்.

“ஏழு வீடுண்ணே. பூர்வகுடி ஆளுங்க. ஓடைக்குக் கீழ, சரிவுக்கு அந்தப் பக்கம், மரத்துக்குள்ள. சாயங்காலம் குழாய மாட்டறாங்க, காலையில கழட்டிடறாங்க. பகல்ல மாட்டி வச்சா குரங்குக் கூட்டம் வந்து இழுத்துப் போட்டு உடைச்சிருதாம். நான் போனது ரெண்டு தடவையும் பகல்!” மூச்சு வாங்கியது. சிரிப்பும் கேட்டது. “இப்ப ஒரு அக்கா கழட்ட வந்தாங்க. இருங்க, கொஞ்ச நேரம் ஓடட்டும்னு சொல்லி வச்சிருக்கேன். அந்த வரியை இன்னும் போடலதானே?”

வண்டியை இடது ஓரத் தடத்துக்கு மாற்றினேன்.

“அண்ணே?”

“போட்டாச்சும்மா. அச்சடிச்சாச்சு.”

“யார் கையெழுத்துல?”

“உங்க கையெழுத்துல.”

தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. லோரி ஒன்று ஹார்ன் அடித்துக்கொண்டு என்னைக் கடந்து போனது.

“யார் போட்டது?”

“நான்தான்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் இன்றைக்கு மறந்திருப்பேனோ என்னவோ.

“எத்தனை காப்பிண்ணே?”

“பன்னிரண்டு.”

“எல்லாத்துலயும் என் பக்கத்தை எடுத்துருங்க” என்றார். தொடர்பு அறுந்தது.

கொடுக்காமல் திரும்பிப் போகும் துணிச்சல் எனக்கு இல்லை. கொடுக்கவும் முடியாது. ஷா ஆலமில் அந்த அலுவலகத்துக் கார் நிறுத்துமிடத்தில், வெயிலில், ஒவ்வொரு பிரதியாக மடியில் வைத்துப் பிளாஸ்டிக் கட்டின் பற்களை நகத்தால் நெம்பி, அந்த ஒரு பக்கத்தை மட்டும் உருவினேன். பிறகு பெட்டிகளை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் புரட்டிப் பார்த்து, “என்சிக்” என்று மலாயில் ஐயா போட்டு, “இந்தப் பகுதிக்குக் கையெழுத்துப் பக்கம் இல்லையே” என்றார். “ஆமாம், இல்லை” என்றேன். முழுமையாகக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அதைத்தான் நான் வேண்டியிருந்தேன். செய்யவேண்டியதைச் செய்யாமல் இன்னொருவரைக் கொண்டு செய்யவைத்தேன் என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

காரில் வந்து உருவிய பக்கங்களை எண்ணினேன். பதினொன்று. மறுபடி எண்ணினேன். பதினொன்று. அப்போதுதான் நினைவு வந்தது: முந்தின நாள் மாலையே பாஸ் ஒரு பிரதியைச் சுரங்கக்காரர்களிடம் காட்டத் தன் காரில் எடுத்துப் போயிருந்தார்.

நடந்ததைச் சொன்னதும் பாஸ் கத்தினார். பிறகு, “மலை ஏறின நண்டு கடைசியில என் காலையே கடிச்சிருச்சு” என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். அவரும் நியாயமான மனிதர்தான். ஏழு வீடு என்று கேட்டபிறகு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சுரங்கக்காரர்கள் வேறு ஆளைப் பார்க்கவும் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் புதிய அறிக்கை போனது. அதில் ஏழு வீடுகளும் இருந்தன, குழாய் இருந்தது, மாட்டும் நேரமும் கழற்றும் நேரமும் இருந்தன. அவரே தன் கையால் கையெழுத்துப் போட்டார். மேடை முகட்டின் மறுபக்கத்துக்குத் தள்ளிப்போனது.

அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அந்த வெள்ளிக்கு அடுத்த திங்கட்கிழமையே அந்தப் பதினோரு பக்கங்களை அவரிடம் கொடுத்திருந்தேன். நின்றபடியே எண்ணினார்.

“இன்னொண்ணு?”

சொன்னேன். புட்டியை எடுத்துக் குலுக்கினார். அன்று கூட்டம் எதுவும் இல்லை.

அதன்பிறகு அந்தப் பிரதியைக் கேட்டுச் சுரங்கக்காரர்களின் கோலாலம்பூர் அலுவலகத்துக்குப் போனார். அப்படி ஒரு பிரதி எங்களிடம் இல்லை என்றார்கள். யாரிடம் அந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியாது. “எங்க பார்த்தீங்க?” என்று கேட்டார். மறுவாரமும் போனார். மூன்றாவது முறை போனபோது அலமாரியைத் திறந்து காட்டச் சொன்னார். பாஸுக்குப் புகார் வந்தது.

“நல்ல ரிப்போர்ட் போயாச்சு, மேடை நகர்ந்தாச்சு. அது வெறும் குப்பைத்தாள். விடுலா” என்றார் பாஸ்.

“அந்தத் தாள்ல யாரும் இல்லைன்னு இருக்கு பாஸ். கீழ என் பேர் இருக்கு. இன்னும் பத்து வருஷம் கழிச்சு யாராவது பழைய ரிப்போர்ட்டுன்னு அதைத் திறந்து வெட்டி ஒட்டுவாங்க.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நியாயம்தான், வெட்டி ஒட்டியவன் நான். அந்த மாதக் கடைசியில் வேலையை விட்டார். புட்டியைத் துண்டில் சுற்றி அரிசிப் பைக்குள், சப்பாத்துகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். படியிறங்கும்போது, “நண்டண்ணே, எங்கயாவது கண்ணுல பட்டா எடுத்துருங்க” என்றார். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்பதற்குள் தெருவுக்குப் போய்விட்டார்.

இது நடந்து எட்டு வருடமாகிறது. நான் ஓய்வு பெற்றுவிட்டேன். அவர் கிள்ளானில்தான் இருக்கிறார் என்று அக்காவின் மூலம் தெரியும். இந்தச் சித்திரத்தில் அவர் பெயர் ஏன் இல்லை என்று படிப்பவர்கள் கேட்கலாம். அவர் சம்மதமில்லாமல் ஒருமுறை அந்தப் பெயரை எழுதிவிட்டேன். இரண்டாவது முறை எழுத எனக்கு உரிமையில்லை.

நூலகங்களில் இத்தகைய அறிக்கைகளை வைக்கும் அலமாரிகள் உண்டு. பிரிக்பீல்ட்ஸிலும் அம்பாங்கிலும் பழைய புத்தகக் கடைகளில் சில சமயம் கட்டுக்கட்டாகக் கிடக்கும். போகும்போதெல்லாம் ஒவ்வொன்றையும் எடுத்துத் தண்ணீர்ப் பகுதியின் முதல் பக்கத்தைத் திறந்து பார்க்கிறேன். நின்றபடியே பார்க்கிறேன். எந்தக் கடை, எந்தக் கிழமை, என்ன நேரம் என்று நாட்குறிப்பில் எழுதி வருகிறேன்.

இதுவரை நான் பார்த்த இடங்களில், நான் பார்த்த நேரங்களில், அந்தப் பிரதி கண்ணில் படவில்லை. அதற்கு மேல் எழுத என்னால் முடியாது.